கொழுப்புத்தோல் போர்த்திய வைரஸ்

கூகுள் இமேஜஸ்ல "வைரஸ்"னு தேடிப் பாருங்க. ஒரு பந்து, அதைச் சுத்தி முள்ளு முள்ளா ஸ்பைக். கொரோனா வந்த பிறகு இந்தப் படம் நம்ம எல்லார் மனசுலயும் அச்சு மாதிரி பதிஞ்சுபோச்சு. பஸ் ஸ்டாண்டு போஸ்டர்ல ஆரம்பிச்சு நம்ம சிம்போசியம் பி.பி.டி. வரைக்கும் அதே முள் பந்துதான். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு இந்தப் படம் பொருந்தாது. அது மட்டும் இல்ல, இந்தப் படத்துக்குப் பொருத்தமா செஞ்ச வைரஸை வெச்சே ரொம்ப நாள் சோதனை பண்ணினதும், முப்பத்தஞ்சு வருஷமா அதுக்கு ஒரு தடுப்பூசி வராததுக்கு ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். அதைத்தான் இங்க வாதாடப் போறேன்.

"நீ மெக்கானிக்கல்தானே, உனக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பயோடெக் பசங்களுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். ஆனா இது பயாலஜி கதை மட்டும் இல்ல, டெஸ்டிங் பத்தின கதையும்தான். லோடே ஏத்தாத லாரியை ஓட்டிப் பார்த்துட்டு "பிரேக் சூப்பர்"னு ரிப்போர்ட் எழுதினா வைவால நம்மள சும்மா விடுவாங்களா? அந்த மாதிரி ஒரு விஷயம் இது.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1970-கள்ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல ஹார்வி ஆல்ட்டர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். ரத்தம் ஏத்திக்கிட்ட சிலருக்கு மஞ்சள் காமாலை வருது, ஆனா அது ஹெபடைடிஸ் ஏ-யும் இல்ல, பி-யும் இல்ல. வேற பேர் இல்லாததால "நான்-ஏ, நான்-பி"ன்னே கூப்பிட்டாங்க. 1989-ல சைரான் கம்பெனியில மைக்கேல் ஹௌட்டன், குவி-லிம் சூ, ஜார்ஜ் குவோ மூணு பேரும் சேர்ந்து அந்த வைரஸோட மரபணுத் துண்டைப் பிடிச்சாங்க. பிடிச்ச விதம் முக்கியம். மைக்ராஸ்கோப்ல யாரும் அதைப் பார்க்கல. நோய் வந்த சிம்பன்சியோட ரத்தத்துலேர்ந்து மரபணுவைப் பிரிச்சு, குளோன் பண்ணி, அதுல எது வைரஸோடதுன்னு தேடிக் கண்டுபிடிச்சாங்க. அதாவது ஆதார் நம்பர் கிடைச்சுது, போட்டோ கிடைக்கல. 2020-ல நோபல் பரிசு ஆல்ட்டருக்கும் ஹௌட்டனுக்கும் சார்லஸ் ரைஸுக்கும் போச்சு. சூ-வும் குவோ-வும் லிஸ்ட்ல இல்ல. (2013-ல கனடாவோட கெய்ர்ட்னர் விருது வந்தப்பவே, அவங்க ரெண்டு பேர் பேரும் இல்லன்னு ஹௌட்டன் அதை வேண்டாம்னு சொன்னவர். நாலு பேர் ராத்திரி முழிச்சு செஞ்ச ப்ராஜெக்ட்ல டீம் லீடர் போட்டோ மட்டும் நோட்டீஸ் போர்டுல வர்றது நமக்குப் புதுசு இல்ல. அதை வேண்டாம்னு சொன்ன டீம் லீடர்தான் புதுசு.)

சரி, போட்டோ எப்பக் கிடைச்சுது? அங்கதான் கதையே.

அதுக்கு முன்னாடி ரத்தத்துல கொழுப்பு எப்படிப் பயணம் பண்ணுதுன்னு தெரியணும். எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. ரத்தம் பெரும்பாலும் தண்ணி. அப்ப கல்லீரல் தயாரிக்கிற கொழுப்பை உடம்பு பூரா எப்படி அனுப்பறது? பார்சல் கட்டித்தான். உள்ளே ட்ரைகிளிசரைடும் கொலஸ்ட்ரால் எஸ்டரும், வெளியே தண்ணியோட ஒத்துப்போற ஒரு மெல்லிய படலம், அதைச் சுத்தி அப்போ-பி-ங்கிற ஒரே ஒரு ராட்சசப் புரதம். 4536 அமினோ அமிலம் நீளம், கயிறு மாதிரி சுத்திக் கட்டியிருக்கும். கூடவே அப்போ-ஈ மாதிரி சின்னச் சின்னப் புரதங்கள். (சிரிக்காதீங்க, பேரே "அப்போ"தான்.) இந்தப் பார்சலுக்குத்தான் லிப்போபுரோட்டீன்னு பேர். கல்லீரலை விட்டுக் கிளம்பும்போது இது வி.எல்.டி.எல்.; பெருசு, லேசு. வழியில தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் சரக்கை இறக்கி இறக்கி, சுருங்கி, கடைசியில எல்.டி.எல். ஆகுது. மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்ல "கெட்ட கொலஸ்ட்ரால்"னு போட்டு அப்பாவைப் பயமுறுத்துற அதே எல்.டி.எல். சரக்கு தீர்ந்த பிறகு பெரும்பங்கு பார்சல் எங்க திரும்புது தெரியுமா? கல்லீரலுக்கே. கல்லீரல் செல்லோட மேற்பரப்புல எல்.டி.எல். ரிசெப்டர்னு ஒரு கொக்கி இருக்கு, அது அப்போ-பி-யையும் அப்போ-ஈ-யையும் அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கும். இந்தக் கொக்கிக்காகத்தான் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-ல நோபல் வாங்கினாங்க.

இப்ப நீங்க ஹெபடைடிஸ் சி வைரஸ்னு வெச்சுக்கோங்க. நீங்க வாழறது கல்லீரல் செல்லுல. அங்கேர்ந்து ரத்தத்துக்கு வரணும், ரத்தத்துல யார் கண்ணுலயும் படாம சுத்தணும், மறுபடி ஒரு கல்லீரல் செல்லைத் தேடிப் போகணும். உங்க ஆர்.என்.ஏ. மொத்தமே சுமார் 9600 எழுத்து, பத்துப் புரதம், அவ்ளோதான் பட்ஜெட். சொந்தமா நேவிகேஷன் சிஸ்டம் கட்ட வழியே இல்ல. ஆனா உங்க கண் முன்னாடி தினமும் கல்லீரல்லேர்ந்து கிளம்பி, ரத்தத்துல தடையில்லாம சுத்தி, கல்லீரலுக்கே திரும்பற வண்டி கோடிக்கணக்குல போகுது. ரிட்டர்ன் டிக்கெட்டோட. என்ன பண்ணுவீங்க?

அதையேதான் அது பண்ணுச்சு.

1992-ல ஜெர்மனியோட கோட்டிங்கன் நகரத்துல ராய்னர் தாம்சன் குழு ஒரு எளிமையான சோதனை செஞ்சாங்க. நோயாளிகளோட ரத்தத்துல அப்போ-பி-யைப் பிடிக்கிற ஆன்டிபாடியைப் போட்டா, அப்போ-பி-யோட சேர்ந்து வைரஸ் ஆர்.என்.ஏ.வும் கீழே வந்து உக்காருது. கொழுப்புப் பார்சலைப் பிடிச்சா வைரஸ் மாட்டுது! அடர்த்தியும் விசித்திரமா இருந்துச்சு. சாதாரணமா உறை போட்ட வைரஸ்கள் தண்ணியை விட நல்லாவே கனமா இருக்கும். இதுல ஒரு பகுதி எல்.டி.எல்., வி.எல்.டி.எல். மிதக்கிற இடத்துலயே மிதந்துச்சு. ஒரே ஆளோட ரத்தத்துல லேசானதும் இருக்கு, கனமானதும் இருக்கு. அதுல எது அதிகமாத் தொத்துது? லேசானதுதான். பத்து வருஷம் கழிச்சு, 2002-ல பிரான்ஸோட லியோன்ல பாட்ரிஸ் ஆந்த்ரே குழு அந்த லேசான துகள்களைப் பிரிச்சுப் பார்த்தாங்க. 100 நானோமீட்டருக்கும் பெருசு, ட்ரைகிளிசரைடு நிறைய, அப்போ-பி, அப்போ-ஈ, உள்ளே வைரஸோட ஆர்.என்.ஏ., அதைச் சுத்தியிருக்கிற கோர் புரதம். அதுக்கு அவங்க வெச்ச பேர் லிப்போ-வைரோ-பார்ட்டிகிள். பாதி கொழுப்புப் பார்சல், பாதி வைரஸ்.

"பசுத்தோல் போர்த்திய புலி"ன்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். தலைப்புல நானும் அதைத்தான் கிண்டி வெச்சிருக்கேன். ஆனா இங்க அது முழுசாப் பொருந்தல. தோலை உரிச்சா உள்ளே தனியா புலி இருக்கணும் இல்லையா? இங்க தோல் எங்க முடியுது, புலி எங்க ஆரம்பிக்குதுன்னே சொல்ல முடியல. இதுல ஆராய்ச்சியாளர்கள்கிட்டயே ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி சொல்றது: வைரஸ் ஒரு தனித் துகள், லிப்போபுரோட்டீன் ஒரு தனித் துகள், ரெண்டும் ரத்தத்துல ஒட்டிக்கிட்டுப் போகுது. பைக்குல பில்லியன் மாதிரி. இன்னொரு கட்சி: இல்ல, ரெண்டும் ஒரே படலத்தைப் பகிர்ந்துக்கிட்ட ஒரே துகள், கலப்பினம். நான் ரெண்டாவது கட்சிப் பக்கம்தான் சாயறேன். காரணம் 2011-ல வந்த ஒரு அளவீடு. லேப்ல வளர்த்த வைரஸைச் சுத்தமாப் பிரிச்சு அதுல இருக்கிற கொழுப்பை எடை போட்டப்ப கிட்டத்தட்ட பாதி கொலஸ்ட்ரால் எஸ்டர். செல்லோட படலத்துல கொலஸ்ட்ரால் எஸ்டர் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். அது இருக்கிற இடம் லிப்போபுரோட்டீனோட வயிறு. வெறும் செல் படலத்தைக் கிழிச்சு உறையாப் போட்டுக்கிட்ட வைரஸ்ல இவ்ளோ எஸ்டர் வர வாய்ப்பே இல்ல.

செல்லுக்குள்ள நடக்கிறதும் இதுக்கு ஒத்துப்போகுது. கல்லீரல் செல்லுக்குள்ள கொழுப்புத் துளிகள் மிதக்கும். வைரஸோட கோர் புரதம் நேரா போய் அந்தத் துளி மேலதான் ஒட்டும். வைரஸ் அசெம்பிளி அதுக்குப் பக்கத்துலயே நடக்குது. வி.எல்.டி.எல். கட்டுறதுக்குத் தேவையான எம்.டி.பி.ன்னு ஒரு புரதத்தை மருந்து போட்டு நிறுத்தினா வைரஸ் வெளியே வர்றதும் குறையுது. அப்போ-ஈ உற்பத்தியை நிறுத்தினா தொத்தக்கூடிய வைரஸ் சரிஞ்சிடுது. ஆக, இது வாசல்ல மாட்டியிருக்கிற சட்டையைத் திருடிப் போட்டுக்கிட்ட கதை இல்ல. தையல் கடைக்குள்ளயே பிறந்த கதை. அப்புறம் வெளியே வந்த பிறகும் சட்டை மாறிக்கிட்டே இருக்கு, ஏன்னா அப்போ-ஈ ரத்தத்துல ஒரு துகள்லேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவக்கூடியது. நோயாளிகளுக்குக் கொழுப்பு நிறைஞ்ச சாப்பாடு கொடுத்துட்டு, அடுத்தடுத்த மணி நேரங்கள்ல ரத்தம் எடுத்துப் பார்த்திருக்காங்க. சாப்பிட்ட பிறகு லேசான துகள்கள்ல இருக்கிற வைரஸோட அளவு ஏறியிருக்கு. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டா சாயங்காலம் வைரஸ் வேற டிரஸ்ல இருக்கும்னு அர்த்தம்.

இதனாலதான் போட்டோவே கஷ்டம். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பிளாஸ்மாவுல எல்.டி.எல். துகள் தோராயமா 1000 நானோமோல். அவகாட்ரோ எண்ணால பெருக்கி மில்லிலிட்டருக்கு மாத்தினா சுமார் 600 லட்சம் கோடி துகள். ஒரு நோயாளியோட ரத்தத்துல வைரஸ் சாதாரணமா மில்லிலிட்டருக்கு ஒரு பத்து லட்சம்னு வெச்சுக்கோங்க. ஒரு வைரஸுக்கு 60 கோடி எல்.டி.எல்.! வைக்கோல் போர்ல ஊசி தேடறதாவது பரவாயில்ல, ஊசி வைக்கோல் மாதிரி இருக்காது. இங்க ஊசியே வைக்கோல்ல செஞ்சது. இதே குடும்பத்துல வர்ற டெங்கு வைரஸை எடுத்துக்கோங்க. 180 ஈ-புரதமும் டைல்ஸ் ஒட்டின மாதிரி கச்சிதமா அடுக்கியிருக்கு, 2002-லயே அதோட அமைப்பு வந்துடுச்சு. ஜிகாவுக்கு 2016-ல வந்துச்சு. எச்.சி.வி.யோ 40 நானோமீட்டர்லேர்ந்து 100 வரைக்கும் ஆளுக்கொரு சைஸ். ஆயிரக்கணக்கான துகளோட படத்தை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு சராசரி எடுக்கிற டெக்னிக்குக்கு இது பெரிய தலைவலி. எந்த ரெண்டும் ஒண்ணு போல இல்லாட்டி எதைச் சராசரி எடுப்பீங்க?

இப்ப என் வாதத்துக்கு வர்றேன்.

தடுப்பூசியோட வேலை, வைரஸோட வெளிப்புறத்தை அடையாளம் கண்டு பிடிக்கிற ஆன்டிபாடியை உடம்புக்குக் கத்துக்கொடுக்கிறது. எச்.சி.வி.யோட வெளிப்புறப் புரதங்கள் ஈ1, ஈ2. இதுல ஈ2 போய் சி.டி.81-ங்கிற கல்லீரல் செல் புரதத்துல ஒட்டும். அந்த ஒட்டற இடத்தை அடைச்சா வைரஸ் உள்ளே போகாது. நல்ல திட்டம்தான். ஆனா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல ரைஸ் குழு 2013-ல பார்த்தப்ப, வைரஸ் மேற்பரப்புல அப்போ-ஈ-யைத் தேடற ஆன்டிபாடி நிறையவே ஒட்டுச்சு. ஈ2-வைத் தேடறது அந்த அளவு ஒட்டல. நம்மளோட சொந்தப் புரதம்தான் முன்னாடி நிக்குது, வைரஸ் புரதம் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. அப்போ-ஈ இருந்தா ஆன்டிபாடி வேலை செய்யறது கஷ்டமாகுதுன்னும் சோதனைகள் காட்டியிருக்கு. வேடிக்கை என்னன்னா, லேப்ல அப்போ-ஈ-க்கு எதிரான ஆன்டிபாடியைப் போட்டா வைரஸ் நல்லாவே தடைபடுது. ஆனா அதை யாரும் தடுப்பூசியா ஆக்க முடியாது. அப்போ-ஈ உங்களோடது, என்னோடது. அதுக்கு எதிரா உடம்பைத் தூண்டி விட்டா அடி நமக்குத்தான்.

சரி, அப்ப ஆன்டிபாடி வேலை செய்யுதான்னு எதை வெச்சு டெஸ்ட் பண்ணினாங்க? இங்கதான் லோடு இல்லாத லாரி வருது. 2003-லேர்ந்து ரொம்பப் பிரபலமான கருவி, சூடோபார்ட்டிகிள்னு ஒண்ணு. வேற ஒரு வைரஸோட கூட்டுல எச்.சி.வி.யோட ஈ1, ஈ2-வை மட்டும் குத்தி வெச்சது. அதைத் தயாரிக்கிறது பெரும்பாலும் 293டி-ங்கிற சிறுநீரக செல் வரிசையில. சிறுநீரக செல் வி.எல்.டி.எல். கட்டாது. அதனால அந்தத் துகளுக்குக் கொழுப்புச் சட்டையே கிடையாது. அதாவது நம்ம முள் பந்து! அடுத்து 2005-ல ஜப்பான்ல தகாஜி வகிட்டா குழு, ஜே.எஃப்.எச்.1-ங்கிற ஒரு வகையை ஹூ-7 செல்லுல முழுசா வளர்த்துக் காட்டினாங்க. பெரிய சாதனை, அதுல சந்தேகமே இல்ல. அதுக்கு முன்னாடி இந்த வைரஸை லேப்ல உருப்படியா வளர்க்க முடியாமத் திண்டாடினாங்க. ஆனா ஹூ-7 கல்லீரல் புத்துநோய்லேர்ந்து வந்த செல். அதால சரியான, நல்லா கொழுப்பு நிரப்பின வி.எல்.டி.எல். கட்ட முடியாது. அதனால அதுல வளர்ற வைரஸுக்கும் சட்டை அரைகுறைதான்.

இது என் கற்பனை இல்ல. 2006-ல லிண்டன்பாக், ரைஸ் குழுவினர் அதே லேப் வைரஸை சிம்பன்சிக்கும், மனிதக் கல்லீரல் செல் வெச்ச எலிக்கும் செலுத்தினாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ரத்தத்துலேர்ந்து அதைத் திரும்ப எடுத்தா, அடர்த்தி குறைஞ்சிருக்கு, தொத்தற திறன் கூடியிருக்கு. இந்த மாத்தத்துக்குக் காரணம் வைரஸோட மரபணு இல்ல. மாறினது அது பிறந்த இடம். நிஜக் கல்லீரல்ல பிறந்தா நிஜச் சட்டையோட வருது.

ஆக, டெஸ்ட் பெஞ்ச்ல இருந்த வைரஸ் வேற, ஃபீல்டுல இருக்கிற வைரஸ் வேற. பெஞ்ச்ல ஒரு ஆன்டிபாடி 90 சதவீதம் தடுக்குதுன்னு ஒரு ரிப்போர்ட் வந்தா, என் முதல் கேள்வி "எந்தத் துகள் மேல?"ன்னுதான் இருக்கும். இது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல; இவ்வளவையும் கண்டுபிடிச்சதே அவங்கதான். எளிமையான கருவி சீக்கிரம் ரிசல்ட் கொடுக்கும், விலை குறைவு, எல்லா லேப்லயும் ஒரே மாதிரி வரும். நிஜத் துகளுக்கு நோயாளியோட ரத்தம் வேணும், இல்லாட்டி மனிதக் கல்லீரல் எலி வேணும். காசும் அதிகம், அளவும் ஆளுக்கு ஆள் மாறும். புரியுது. ஆனாலும், சட்டை போட்ட துகள் மேலயும் சோதிக்காம எந்த ஆன்டிபாடியையும் "தேறிடுச்சு"ன்னு சொல்லக் கூடாதுங்கிறதுதான் என் கட்சி.

இதுக்கு வர்ற எதிர்வாதம் எனக்குத் தெரியும். "மாத்திரை இருக்கே, தடுப்பூசி எதுக்கு?" 2013 டிசம்பர்ல சோஃபோஸ்புவிர் அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. அங்க ஒரு மாத்திரை 1000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014-ல கிலியட் கம்பெனி இந்திய ஜெனரிக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்த பிறகு இங்க விலை தலைகீழா இறங்குச்சு. 2018 ஜூலை 28-லேர்ந்து தேசியத் திட்டத்துல பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். 95 சதவீதத்துக்கு மேல குணமாகுது. நாள்பட்ட ஒரு வைரஸ் தொற்றை மாத்திரை போட்டே முழுசா ஒழிக்கிறது மருத்துவத்துல ரொம்ப அபூர்வம். அதைக் குறைச்சுப் பேசற ஆள் நான் இல்ல.

ஆனா எங்க பெரியப்பா கதையைச் சொல்றேன். கிட்னி போய் டயாலிசிஸ்ல இருக்கார். நடுவுல எச்.சி.வி. பாசிட்டிவ்னு வந்துச்சு, எப்படி வந்ததுன்னு கடைசி வரைக்கும் தெரியல. வீட்டுல தனி டம்ளர், தனித் தட்டு, பேரக்குழந்தையைத் தூக்க விடல. இந்த வைரஸ் எச்சில் டம்ளர்லயோ தொட்டாலோ பரவாது, ரத்தம் மூலமாத்தான் பரவும்னு பெரியம்மாவுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. 12 வாரம் மாத்திரை சாப்பிட்டார், வைரஸ் போயிடுச்சு, டம்ளரும் ஒண்ணாச்சு. ஆனா வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் தொடருது. இந்த வைரஸ் ஒரு தடவை குணமானா மறுபடி வராதுன்னு கிடையாது. மாத்திரை வைரஸ் நகல் எடுக்கிற மெஷினை நிறுத்துமே தவிர, அடுத்த தடவை வர்ற வைரஸை வாசல்லயே நிறுத்தாது. அவர் மாதிரி ஆட்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கிறதுதான் வழி.

உலக அளவுலயும் அதேதான். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022-ல 5 கோடி பேருக்கு இந்தத் தொற்று, அதுல தனக்கு இருக்குன்னு தெரிஞ்சவங்க சுமார் 36 சதவீதம்தான். வருஷத்துக்குப் புதுசா சுமார் 10 லட்சம் பேர். பல வருஷம் எந்த அறிகுறியும் இல்லாம இருக்கிற நோய்க்கு, டெஸ்ட் பண்ணினாத்தான் மாத்திரை. குழாயை மூடாம தரையைத் துடைச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி.

தடுப்பூசி முயற்சி நடக்காம இல்ல. 2021-ல ஒரு பெரிய மனித சோதனையோட முடிவு வந்துச்சு. போதை ஊசி போட்டுக்கிற ஆபத்துல இருக்கிற 548 பேர் மேல அமெரிக்காவுல நடந்தது. அந்தத் தடுப்பூசி ஈ2-வைத் தொடவே இல்ல. வைரஸோட உள்புறப் புரதங்களைக் காட்டி டி-செல்களைப் பழக்கற வழி. சட்டையைப் பத்திக் கவலைப்படாம பின்வாசல் வழியா போற ஐடியா. ரத்தத்துல வைரஸோட உச்ச அளவு குறைஞ்சுது, ஆனா தொற்று நாள்பட்டதா மாறறதைத் தடுக்கல. பின்வாசல் மட்டும் போதாதுன்னு நான் இதை வாசிக்கிறேன். முன்வாசலுக்கு, அதாவது ஆன்டிபாடிக்கு வந்துதான் ஆகணும். வந்தா அங்க அப்போ-ஈ நிக்குது.

எல்லாப் பழியையும் கொழுப்பு மேலயே போட முடியாதுன்னும் சொல்லிடறேன். இந்த வைரஸ் நகல் எடுக்கும்போது ப்ரூஃப் பார்க்கறதே இல்ல. ஒரு நோயாளியோட உடம்புல ஒரு நாளைக்கு லட்சம் கோடி அளவுல புது வைரஸ், எக்கச்சக்கமா எழுத்துப்பிழை. ஈ2-வோட ஒரு முனையில 27 அமினோ அமிலம் நீளத்துல ஒரு பகுதி இருக்கு, அது சட்டுசட்டுன்னு மாறிக்கிட்டே இருக்கும். ஆன்டிபாடி முதல்ல அதைத்தான் குறி வைக்கும், அதுக்குள்ள அது மாறிடும். "மாறுதல்தான் முக்கியக் காரணம், கொழுப்பு இரண்டாம்பட்சம்"னு சொல்ற ஆட்கள் இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா ஒரு விஷயம் பாருங்க. அந்த 27 எழுத்துத் துண்டை வெட்டி எடுத்த வைரஸை லேப்ல செஞ்சா, அதை ஆன்டிபாடி சுலபமாப் பிடிக்குது. அதே சமயம் எஸ்.ஆர்.பி.1-ங்கிற கொழுப்பு ரிசெப்டரை அது நம்பியிருக்கிறதும் குறையுது. மாறிக்கிட்டே இருக்கிற துண்டும் கொழுப்பு வழியும் தனித்தனிக் கதை இல்ல போல இருக்கு.

ரிசெப்டர் பத்தியும் ஒரு வரி. வைரஸ் செல்லுக்குள்ள போற வழியில வர்ற பேர்களைப் பாருங்க: எல்.டி.எல். ரிசெப்டர், நல்ல கொலஸ்ட்ராலைப் பிடிக்கிற எஸ்.ஆர்.பி.1, குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சற என்.பி.சி.1.எல்.1. அந்தக் கடைசி ஆளைத் தடுக்கிற மாத்திரை எஸெடிமைப், கொலஸ்ட்ராலுக்காக மெடிக்கல்ல கிடைக்கிறதுதான். லேப்ல அது எச்.சி.வி. நுழையறதைத் தடுத்திருக்கு. எல்.டி.எல். ரிசெப்டர் வழியா போற வைரஸ் நிஜமாவே தொற்றா முடியுதா, இல்ல செல்லோட குப்பைக் கிடங்குல முடியுதான்னு சண்டை இன்னும் ஓயல. ஆனா இத்தனை கொழுப்பு வாசல்லயும் ஒரு வைரஸோட கைரேகை இருக்குன்னா அது தற்செயல் இல்ல.

நோயாளியோட ரத்தத்துலயே இதோட தடயம் தெரியும். நாள்பட்ட எச்.சி.வி. இருக்கிறவங்களுக்கு, முக்கியமா இந்தியாவுல அதிகமா இருக்கிற மூணாவது வகைக்காரங்களுக்கு, எல்.டி.எல். குறைவா இருக்கும்; கல்லீரல்ல கொழுப்பு தேங்கும். மாத்திரை முடிஞ்சு வைரஸ் போனதும் எல்.டி.எல். ஏறும். பெரியப்பாவுக்கும் ஏறுச்சு. "மாத்திரை சைடு எஃபெக்ட்"னு பெரியம்மா டாக்டர்கிட்ட சண்டைக்கே போயிட்டாங்க. அதுக்காக எல்.டி.எல். கம்மின்னு ரிப்போர்ட் வந்தா உடனே பயந்துடாதீங்க, அதுக்கு நூறு காரணம் இருக்கும். அது எச்.சி.வி.க்கான டெஸ்ட்டும் இல்ல.

டெஸ்ட் ரெண்டு கட்டம். முதல்ல ஆன்டிபாடி டெஸ்ட். அது பாசிட்டிவ்னா உங்களுக்கு என்னைக்கோ தொற்று வந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். சுமார் 30 சதவீதம் பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள தானாவே போயிடும், அப்பவும் ஆன்டிபாடி தங்கும். அதனால ரெண்டாவதா ஆர்.என்.ஏ. டெஸ்ட், இப்பவும் வைரஸ் இருக்கான்னு அதுதான் சொல்லும். நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப்ல ரத்தம் கொடுத்தா ஒவ்வொரு யூனிட்டையும் எச்.சி.வி.க்கு டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துவாங்க. கொடுக்கறவங்களுக்குப் புது ஊசிதான், ரத்தம் கொடுக்கறதால தொத்தாது. கேம்ப் இல்லாமலே, திருவிழாவுல ஊசி மாத்தாம டாட்டூ குத்திக்கிட்டவங்க, சின்ன வயசுல ஆபரேஷனுக்கு ரத்தம் ஏத்தின அப்பா அம்மா இருக்கிறவங்க, தேசியத் திட்டத்துல சேர்ந்த அரசு மருத்துவமனையில கேட்டா ரெண்டு டெஸ்ட்டும் இலவசம். பாசிட்டிவ்னா 12 வாரம் மாத்திரை, அதுவும் இலவசம். டம்ளர் மாத்த வேண்டாம்.